மேலூத்தின் கடைசிச் செம்பு

வேலு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் எங்கும் போகவில்லை. நான்தான் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலையை விடப் போகிறேன், சித்திரைக்குள் மூன்று பேரும் வந்துவிடுவோம், இனிமேல் நமக்கு மேலூத்துதான் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டுப் பல வருஷமாகிறது. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆடலூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருக்கும் உன் மாமன் மகள் இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். முழுவதையும் படித்து முடிக்கிற வரைக்கும் உன் வேலையிடத்தில் யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். வந்து இறங்குவதற்கு மேலூத்து இல்லை. ஊர் மொத்தத்தையும் காட்டேஜ் கட்டுகிற ஒருவருக்குக் கொடுப்பதற்குப் போன வாரம் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் நீ மறுத்திருப்பாய், நீ மறுத்திருந்தால் நானும் மறுபடி ஒருமுறை மறுத்திருப்பேன். உனக்கு இப்போது கோபம் வரும். வரட்டும். உன் அப்பாவுக்கும் இப்படித்தான், முதலில் கோபம் வரும், சாப்பிட்ட பிறகு காரணம் கேட்பார். நீயும் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

இந்தப் பைத்தியம் உனக்கு எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில், இருபது வீடு தேறாத அந்த இங்கிலீஷ் கிராமத்துக்கு வாடகைக்குப் போனாயே, அங்கே பிடித்தது. சின்னதாக ஒரு கல்லுக் கோயில், அதைச் சுற்றிப் பாசி பிடித்த கல்லறைகள், ஒரு ஓடை, அதன் மேல் ஒரு பாலம் என்று போட்டோ போட்டோவாக அனுப்பினாய். அந்த ஊர்க் கிழவர்கள் நாலு பேர் சேர்ந்து தங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று, வேலை முடிந்து வந்து எனக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினாய். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த வயல் யார் கைக்கு மாறியது, மாவு மில்லுக்காரன் பெண்டாட்டி யாரோடு ஓடிப்போனாள் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன். ஏதோ ஒரு காலத்தில் கொள்ளைநோய் வந்து அந்த ஊரே காலியாகி, அப்புறம் வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து மறுபடி அடுப்பு மூட்டினார்கள் என்ற இடத்தில் உன் குரல் மாறியது. "நம்ம ஊரும் அப்பிடித் திரும்பி வரும்மா" என்றாய். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீ ஆசையாகப் பேசுகிறாயே என்று சும்மா இருந்துவிட்டேன்.

நம்ம ஊருக்கும் ஒரு சரித்திரம் சொல்லும்மா என்று அப்போது கேட்டாய். இப்போது சொல்கிறேன். ஆனால் ஒன்று, நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஆடலூரில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே, உடம்பில் வெயில் படுகிற இடத்தில் பிறந்தவள். அதனால் உங்கள் வீட்டார் சொல்லுகிற பெருமையைப் பாதியாகக் குறைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும். ஏதோ ஒரு படையெடுப்புக்குப் பயந்து, பெண்டு பிள்ளைகளின் மானம் காக்க மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்தார்கள் என்பார்கள். மலையில் எந்த ஊரைக் கேட்டாலும் இதே கதைதான். உங்கள் ஆட்களுக்கு இருக்கிற வாய்க்கு, அண்ணன் தம்பிக்குள் சண்டை போட்டு விரட்டப்பட்டு வந்திருப்பார்கள் என்பது என் கணக்கு. எப்படியோ வந்தார்கள். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்கும் மேலே, நடந்து ஏறுகிற தூரத்தில், பாறை இடுக்கிலிருந்து கோடையிலும் வற்றாமல் தண்ணீர் வருகிற ஓர் இடத்தைக் கண்டார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு ஊத்தடிக் கருப்பு என்றார்கள். ஊற்றுக்குக் கீழே இருக்கிற சோலையைக் கருப்புக்கு விட்டார்கள். அந்தச் சோலையில் பச்சை மரத்தை மட்டுமல்ல, காற்றில் ஒடிந்து விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. மூன்று வீடு பதினாலு வீடானது. அதற்கு மேல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊர்க்காரியம் எதுவானாலும் எப்படி முடிவு செய்வார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் மருமகளுக்குத் தெரியாது, நீ சொல்லிக்கொடு. வீட்டுக்கு ஒரு செம்பு. ஊற்றில் தண்ணீர் பிடித்து வந்து கருப்பு முன்னால் நிற்க வேண்டும். காரியத்துக்குச் சம்மதம் என்றால் கல்லின் மேல் ஊற்ற வேண்டும். பேச்சு கிடையாது. பதினாலு செம்பும் ஊற்றினால் காரியம் நடக்கும். ஒரு வீடு செம்பைக் கையிலேயே வைத்திருந்து திரும்பிவிட்டால் அதோடு முடிந்தது, ஏன் ஊற்றவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. நிலம் எல்லாம் கூட்டுப் பட்டாவில் கிடப்பதும் இந்தப் பழக்கத்தால்தான். ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து, ஊருக்கு மேலே இருக்கும் புல்மேட்டைக் கேட்டானாம், பங்களா கட்ட. பதின்மூன்று வீடு ஊற்றிவிட்டதாம். ஒரே ஒரு விதவை, செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாளாம். துரை தொப்பியைக் கழற்றிச் சலாம் போட்டுவிட்டுப் போனான் என்று உன் அப்பா சொல்வார். சலாம் போட்டிருக்க மாட்டான், திட்டிக்கொண்டுதான் போயிருப்பான். அவன் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நீ இப்போது வேளா வேளைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில் குளிரைவிட என்னை வாட்டியது புகை. பூண்டை அறுத்துக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் புகை காட்ட வேண்டும். புகை காட்டினால்தான் விதைப்பூண்டு அடுத்த நடவு வரைக்கும் சொத்தையாகாமல் நிற்கும். அதற்கு வீட்டில் எந்நேரமும் விறகு எரிய வேண்டும். வாசலுக்கு எதிரிலேயே சோலை இருக்கிறது, காய்ந்த கிளை காலில் இடறுகிறது, ஆனால் தொடக் கூடாது. இரண்டு மலை தாண்டிப் போய்ச் சுமந்து வர வேண்டும். போவது பெண்கள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் சுமந்திருக்கிறேன். கருப்புக்குக் கண் இருந்தால் எங்கள் கழுத்தைப் பார்த்திருப்பான் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். உன் அப்பா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. ஆனால் மனசில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. மரக்கன்று கொடுக்கிறார்கள், சீகை என்று சீக்கிரம் வளரும் ஒரு சீமை மரம், நட்டால் விறகுக்கு விறகு, மலைக்கும் நல்லது என்று கீழேயிருந்து யாரோ சொன்னதும் முதலில் எழுந்து நின்றவர் அவர்தான். எங்கே நடுவது? ஊற்றுக்கு மேலே மொட்டையாகக் கிடந்த அந்தப் புல்மேட்டில்தான். அன்றைக்குத் துரை கேட்ட அதே மேடு. மாடு மேய்வதைத் தவிர அதனால் பிரயோஜனம் இல்லை என்பது எல்லாருடைய நினைப்பும்.

பதினாலு செம்பும் ஊற்றினோம். அவ்வளவு வேகமாக ஊர் ஒத்துக்கொண்ட காரியம் வேறு இல்லை என்பார்கள். சாமி சோலையில் கை வைக்காமல் இருப்பதற்காக நட்டோம், வேலு. அதை மட்டும் மறந்துவிடாதே. பேராசைப்பட்டோ, ஊரை விற்றுத் தின்னவோ செய்யவில்லை. பயபக்தியோடு செய்தோம். திருவிழா மாதிரி வரிசையாக நின்று குழி தோண்டி நட்டோம், நானும்தான். அந்தப் புல்லைச் சாமி என்று யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. சோலைக்குக் காவல் இருந்தது, புல்லுக்கு ஒருவரும் இல்லை. மழைத்தண்ணீரை எல்லாம் குடித்து, மண்ணுக்குள் பிடித்து வைத்து, வருஷம் முழுக்க ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. சீகை கிடுகிடுவென்று வளர்ந்தது, மேடு முழுக்க மஞ்சள் பூ. விறகுக்கு நாங்கள் தலையைத் திருப்பினால் போதும். நீ அந்த மரங்களுக்குள்தான் ஓடி விளையாடினாய். பிறகு ஒரு பங்குனியில் ஊற்று சுருங்கியது. மறுவருஷம் மாசியிலேயே சுருங்கியது. அப்புறம் தை. ஊர் என்ன செய்யும்? தீட்டு என்றார்கள். எந்தப் பெண் ஒதுங்கியிருக்க வேண்டிய நாளில் ஊற்றுப் பக்கம் போனாள் என்று விசாரித்தார்கள். நம் செல்லத்தாயி சித்தியைத்தான் பிடித்தார்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், பதில் பேசத் தெரியாதவள். அவள் ஒரு மாதம் ஊற்றுக்கே வராமல் பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரை மொண்டு குடித்தாள். கருப்புக்குக் கிடா வெட்டினோம். கிடாக்கறி சாப்பிட்டோம். தண்ணீர் வரவில்லை.

உன் அப்பாவுக்குத்தான் முதலில் உறைத்தது. மாடு தேடிப் பக்கத்து மலைக்குப் போயிருந்தார். அங்கே யாரும் எதுவும் நடாத மேடு. சித்திரை மாதத்தில் அந்தப் புல்லுக்குள் கால் வைத்ததும் ஈரம் ஏறியதாம். திரும்பி வந்து நம் மேட்டில் சீகைக்கு அடியில் மண்ணை அள்ளிப் பார்த்திருக்கிறார். அடுப்புச் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. வீட்டுக்கு வந்து, அந்த மண்ணைத் துண்டில் முடிந்தபடியே என் முன்னால் வைத்து, "நம்ம கையாலேயே அடச்சுட்டோம் புள்ள" என்றார்.  எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை.

வெட்டினார்கள். மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்று அதிகாரிகள் தடுத்தார்கள், அதையும் மீறி ஒளிந்து ஒளிந்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. கடைசியில், எரித்துவிட்டால் வேரோடு போகும், பழையபடி புல் வரும் என்று முடிவானது. அதற்கும் பதினாலு செம்பு ஊற்றினோம். நீ அப்போது மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய், வந்து பார்க்கும்போது எல்லாம் கரிந்து கிடந்தது, அதுதான் உனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் காற்று இல்லை. அப்பாதான் மூத்தவர் என்று தீப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தார்கள். மேடு எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் காற்று கீழ்நோக்கித் திரும்பியது. வெட்டிப்போட்ட காய்ந்த சீகைக் கிளை எல்லாம் ஊற்று வரைக்கும், சோலையின் விளிம்பு வரைக்கும் சரிந்து கிடந்தது, யாரும் அதை யோசிக்கவில்லை. சாதாரணமாகச் சோலை எரியாது, உள்ளே அவ்வளவு ஈரம் இருக்கும். ஆனால் ஊற்று சுருங்கி எத்தனை வருஷம் ஆகிவிட்டது. கருப்பின் சோலை எரிந்தது, வேலு. ஒரு சுள்ளி எடுத்ததற்கு ஒருவனை ஊரை விட்டுத் தள்ளி வைத்த சோலை. நாங்கள் பச்சைக் குழையை வைத்துக்கொண்டு அடித்து அடித்துப் பார்த்தோம். முழுசாக எரியாமல் பாதியோடு நின்றது. பூசாரி சின்னாண்டி மாமா மண்ணில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அதிகாரிகள் வந்து யார் வைத்தது என்று கேட்டபோது, "நாங்கதான் வச்சோம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இந்த ஊரின் அருமையும் அதுதான், அதன் கேடும் அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இதிலிருந்து உனக்கு ஒன்று சொல்வேன். எல்லாரும் ஒரே மனசாக ஒரு காரியத்துக்குத் தலையாட்டும்போது கொஞ்சம் பயப்படு. நம் ஊரில் செம்பு திரும்பித் திரும்பிப் போய் இழுபறியில் எடுத்த முடிவெல்லாம் ஓரளவு தப்பித்தது. ஒற்றுமையாக எடுத்த இரண்டு முடிவும்தான் ஊரைத் தின்றது. உன் வீட்டில் மருமகள் மறுத்துப் பேசினால் எரிச்சல்படாதே, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேள்.

தீக்குப் பிறகு வந்த மழையில் புல் வரவில்லை. சீகைதான் வந்தது. அந்த விதை எத்தனையோ வருஷம் மண்ணுக்குள் தூங்கிக் கிடக்குமாம், சூடு பட்டால் முளைக்குமாம். மேட்டில் நாற்றங்கால் மாதிரி முளைத்தது, எரிந்த சோலைக்குள்ளும் முளைத்தது. உன் அப்பா தினமும் வெள்ளனே எழுந்து போய்க் கையால் பிடுங்குவார். பூண்டு வயலில் சோலி கிடக்கும், அதை விட்டுவிட்டுப் போவார். நீ லீவில் வரும்போதெல்லாம் அப்பா எங்கே என்றால் மேட்டுக்குப் போயிருக்கிறார் என்பேனே, அங்கே அவர் செய்த வேலை இதுதான். ஒரு தடவை நான் கோபத்தில், யாருக்காக இந்தக் கூத்து, ஊரே சிரிக்கிறது என்று கத்தினேன். அவர் மண் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புடுங்கப் புடுங்க மொளைக்கத்தான் செய்யுது. புடுங்காம இருக்க முடியல, என்ன செய்யச் சொல்ற." அவர் போகிற வரைக்கும் பிடுங்கிச் சுத்தம் செய்தது இரண்டு களத்துமேடு அளவு இருக்கும். அதில் புல்கூடக் கொஞ்சம் வந்திருந்தது. அவர் காரியம் முடிந்து நீ விமானம் ஏறிய அந்த மழைக்காலத்திலேயே அந்த இடத்தையும் சீகை மூடிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். பிடுங்க உட்காரவில்லை. எனக்கு அந்த மனசு இல்லை.

அப்புறம் சரித்திரம் என்று சொல்ல என்ன இருக்கிறது. ஒவ்வொரு வீடாக இறங்கியது. சண்டை இல்லை, அழுகை இல்லை. பூம்பாறையில் வீடு கிடைத்தது, கொடைக்கானலில் ஓட்டலில் வேலை கிடைத்தது, பிள்ளைகள் படிப்புக்குப் பக்கம் என்று ஆளுக்கு ஒரு காரணம். தண்ணீர் இல்லை என்று ஒருவரும் வாய் விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் தீ வைத்த கதைக்குப் போக வேண்டும். இன்றைக்கு அடுப்பு எரிவது இரண்டு வீட்டில், என் வீட்டிலும் செல்லத்தாயி வீட்டிலும். லாரித் தண்ணீர் ஜீப் பாதை வரைக்கும் வரும், அங்கிருந்து குடத்தில் தூக்குகிறோம். அந்தத் தண்ணீரில் பூண்டு போட முடியாது. அந்த இங்கிலீஷ் ஊர்ப் போட்டோவுக்குப் பக்கத்தில் நம் ஊரின் பழைய போட்டோவை வைத்து ஒப்பிட்டு அனுப்புகிறாயே, அதில் படிப்படியாகப் பச்சை வயல் தெரிகிறதே, அந்த வயல் எல்லாம் இப்போது சீகைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டேஜ்காரர் வந்தார். கொடுத்தால் ஊர் மொத்தமும் வேண்டும், துண்டு துண்டாக வேண்டாம் என்றார். கூட்டுப் பட்டா, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் கூடியது. அப்போது ஐப்பசி, மழைக்கு ஊற்றில் ஒரு நூல் அளவு சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் பொறுமையாகப் பிடித்து வந்து நின்றார்கள். பதின்மூன்று செம்பு ஊற்றினார்கள். நான் ஊற்றவில்லை. அந்த விதவை மாதிரி திரும்பி வந்துவிட்டேன். நெலத்த மட்டும் விட்டுறாதம்மா என்று நீ முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். அந்த நடையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. என் மகன் சீமையிலிருந்து வருவான், ஊரைத் தூக்கி நிறுத்துவான், அப்போது இவர்கள் எல்லாம் என்னைக் கும்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். பழக்கப்படி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷம் கேட்கவில்லை.

கேட்டது செல்லத்தாயிதான், போன வாரம். லாரித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள். "அக்கா, வேலு வருவான் வருவான்னு சொல்றீங்க. வரட்டும், வந்து என்னத்தக் குடிப்பான்? எம்மகன் கொடைக்கானல்ல ஒத்த ரூம்புல பொண்டாட்டி புள்ளையோட மடங்கிக் கெடக்கான். ராவும் பகலும் அடுத்தவன் வண்டிய ஓட்டுறான். ஒங்க புள்ள ஆசைக்கு எம்புள்ள எத்தன வருசம் காவல் கெடக்கணும்?" எனக்குச் சுர்ரென்று வந்தது. தீட்டுக்காரி என்று ஊர் சொன்னபோது வாய் திறக்காதவள், இன்றைக்கு என்னிடம் பேசுகிறாளே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவு கேவலமான மனசு எனக்கு. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால், அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நீ சொல்லுவாய், அந்த இங்கிலீஷ் ஊரும் காலியாகித்தான் இருந்தது, மறுபடி வரவில்லையா என்று. வந்தது, ஏனென்றால் அங்கே செத்தது ஆட்கள்தான். ஓடை ஓடிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் குனிந்து அள்ளிக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். நம் ஊரில் ஆட்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், பூம்பாறையிலும் கொடைக்கானலிலும் உன்னைப்போல் கண்காணாத இடத்திலும். செத்தது ஊற்று. நீ மரத்தை வெட்டுவேன், பிடுங்குவேன் என்பாய். உன் அப்பா பிடுங்கினார், வேலு. அவர் உடம்பு உன் உடம்பைவிட மூன்று மடங்கு பாடுபட்ட உடம்பு. உன்னையும் அந்த மேட்டில் குந்திக்கொண்டு பிடுங்குகிறவனாகப் பார்க்க என்னால் ஆகாது. உன் பிள்ளை லீவில் வந்து அப்பா எங்கே என்று கேட்க, மேட்டுக்குப் போயிருக்கிறார் என்று மருமகள் சொல்ல வேண்டாம்.

செல்லத்தாயியிடம் சரி என்று சொன்னேன். ரெண்டே நாளில் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஜீப்பில், வெளுத்த சட்டையோடு. ஊற்றடியில் போய் நின்றோம். பாறை இடுக்கில் சருகு அடைத்துக் கிடந்தது, பொட்டுத் தண்ணீர் இல்லை. செல்லத்தாயி மகன் வண்டியிலிருந்து கேன் தண்ணீரை எடுத்து வந்தான், மூடியில் கம்பெனிப் பெயர் போட்ட கேன். சின்னாண்டி மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் மூடியைத் திருகும் சத்தம் கேட்டுவிட்டது. "ஊத்துத் தண்ணி இல்லாம எப்பிடித்தா?" என்றார். "ஊத்துல தண்ணி இருந்தா நான் எதுக்கு மாமா இங்க நிக்கப் போறேன்" என்றேன். அவர் தன் செம்பை நீட்டினார். ஒவ்வொரு செம்பாக அந்தப் பையன் நிரப்பிக் கொடுத்தான். கடைசியாக ஊற்றியது நான். சந்தோஷமாக ஊற்றினேன் என்று சொல்ல மாட்டேன், அழுதேன் என்றும் சொல்ல மாட்டேன். செல்லத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காட்டேஜ்காரர் கல்லை அப்படியே வைத்துக்கொள்வாராம், சுற்றி விளக்குப் போட்டு அழகாக்குவாராம். தங்க வருகிறவர்களுக்கு லாரியில் தண்ணீர் வரும்.

தை பிறந்ததும் நான் ஆடலூருக்கு உன் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். உனக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே வா. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு வா, இருந்துவிட்டுத் திரும்பிப் போ. மேலே கூட்டிப் போய் இதுதான் நம் வீடு, இதுதான் நம் வயல் என்று அவளுக்குக் காட்டாதே. இல்லாத ஒன்றைக் குழந்தை தலையில் ஏற்றாதே, என் தலையில் நீ ஏற்றியது போதும். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. உன் குரலைக் கேட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வராதே என்று எழுதுகிற இந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வராதே.

அங்கே புதிதாக யாராவது உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டால், மேலூத்து என்று ஆரம்பித்து எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்காதே. பழனி பக்கம் என்று சொல்லிவிடு. அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மா